சைலன்சர் அத்தானும் பெரிய வால்வும்

என் அக்காவின் கணவர் பேசினால் எதிரில் இருப்பவர் "என்ன?" என்பார். அத்தான் மறுபடி சொல்வார். "என்னங்க?" என்று இந்த முறை கொஞ்சம் மரியாதை கூடும். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு, புரிந்தவர் மாதிரி தலையாட்டிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அத்தானின் பாதி வாழ்க்கை இப்படித் தலையாட்டியவர்களால் ஆனது. முடி வெட்டுபவரிடம் "ஓரம் மட்டும்" என்றார், அவரும் தலையாட்டினார், மொட்டை ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் வீடு திரும்பினார். பேருந்தில் "இறங்கணும்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். அதற்காக அவர் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. திரும்பி நடந்து வருவது உடம்புக்கு நல்லது என்பார். அதுவும் யாருக்கும் கேட்காது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சட்டத்துக்குப் பொருந்தும்படி கண்ணாடி வில்லைகளின் விளிம்பைத் தேய்ப்பது அவர் வேலை. தேய்க்கும் இயந்திரம் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்க, அதன் முன்னால் இவர் உதடு மட்டும் அசையும். கடையில் வைத்த பெயர்தான் 'சைலன்சர்'. அது எப்படியோ வீடு வரை வந்து சேர்ந்து, என் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று "ஏய், நீலச் சட்டை!" என்று அவள் கூப்பிட்டால், அந்தக் கோடியில் இருக்கும் நீலச் சட்டையோடு மதிலுக்கு வெளியே போகிற நீலச் சட்டைகளும் நின்றுவிடும். இந்த இருவருக்கும் எப்படிக் கல்யாணம் நிச்சயமானது என்று கேட்காதீர்கள். அத்தான் சம்மதம் சொன்னாரா என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சொன்னார் என்று அக்கா சொன்னாள். நம்பினோம்.

அவர்கள் குடியிருப்பது நான்காம் மாடி. நான் நேர் கீழே, மூன்றாம் மாடி. அதனால் அந்த வீட்டில் அக்கா பேசுவது எல்லாம் எனக்குத் தெரியும். அத்தான் பேசுவது எதுவும் தெரியாது.

அத்தானுக்கு ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, உள்ளறையில் ஒரு மேஜை நிறையக் கருவிகளை அடுக்கி வைத்திருந்தார். மொட்டை மாடியில் ஒரு முனை, வாசல் விளக்குக் கம்பத்தில் மறுமுனை என்று சரிவாக ஒரு கம்பி கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால், கடல் தாண்டி இருப்பவர்களோடு பேசலாம். பேசலாம் என்றுதான் சொன்னேன். அங்கேயும் இவர் கதை மாறவில்லை. "உங்க சிக்னல் ரொம்ப மெல்லிசா இருக்கு, திரும்பச் சொல்லுங்க" என்று உலகத்தின் நான்கு மூலையிலிருந்தும் பதில் வந்தது. தெருவில் இருப்பவர்கள் மட்டும் கேட்ட கேள்வியை இப்போது கண்டம் கண்டமாகக் கேட்டார்கள்.

விடாமல் அவரோடு பேசியவர் ஒருவர்தான். தூரத்துத் துறைமுகம் ஒன்றில், பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கும் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை இழுவைக்காரர் என்போம். பொறுமைசாலி. அவரே ஒருநாள் சொன்னாராம்: "தம்பி, நீங்க சொல்றதுல பாதியை நானே கற்பனை பண்ணிக்கறேன். ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர் போட்டீங்கன்னா மீதியைக் காதால கேட்பேன்."

அது அத்தான் மனதில் தைத்துவிட்டது.

எங்கேயோ விசாரித்து, உயிர் போன ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தார். அதன் உள்ளே இருந்த மின்மாற்றி அவ்வளவு கனம். படியில் அதை ஏற்றும்போது அத்தான் முன்னால் பிடித்தார், அக்கா பின்னால் பிடித்தாள் என்று பேர். இரண்டாம் மாடிக்கு மேல் முன்னால் இருந்தவர் வழிகாட்ட மட்டும்தான் செய்தார். மாதக்கணக்கில் அதைக் கழற்றினார், துடைத்தார், வெந்துபோன பாகங்களை மாற்றினார். புது வால்வு தனியாக வந்தது. சாஸ் பாட்டில் அளவுக்குக் கண்ணாடிக் குடுவை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தகட்டு உருளை. பஞ்சில் பொதிந்து, மார்போடு அணைத்து எடுத்து வந்தார்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நம்ம பொண்ணைக்கூட நீங்க இப்படிப் பிடிக்கல" என்றாள் அக்கா.

அத்தான் ஏதோ சொன்னார்.

"என்ன?"

"அவ கீழ விழுந்தா உடைய மாட்டான்னு சொன்னேன்."

அந்தப் பெண் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். உடையாமல்தான் இருக்கிறாள்.

அந்தப் பெட்டிக்கு அத்தான் வைத்திருந்த கட்டுப்பாடுகளைப் பார்த்தால் நமக்கே பயம் வரும். உள்ளே மூவாயிரம் வோல்ட். மூடியைத் திறக்கும் முன் மின்செருகியைப் பிடுங்கி, பார்வையில் படும்படி மேஜை மேல் வைக்க வேண்டும். அப்புறமும் நம்பக்கூடாது, உள்ளே சேமித்த மின்சாரம் தங்கியிருக்கலாம். நிலத்தோடு இணைத்த கம்பியுள்ள ஒரு தடியால் தொட்டுப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அளவு எடுக்கும்போது ஒரு கை எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும்.

"வீட்டு வேலை சொன்னா ரெண்டு கையும் பையில வெச்சுக்கற மனுஷன், இங்க ஒன்னையாவது வெளியில எடுக்கறாரே" என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

முதன்முதலில் அதைச் சுருதி சேர்த்த அன்று நானும் அங்கே இருந்தேன். வானத்துக்கு அனுப்பும் முன் ஒத்திகை. எண்ணெய் நிறைந்த ஒரு தகர டின்னுக்குள் மூழ்கிய மின்தடையில் ஆம்ப்ளிஃபையரைக் கோத்திருந்தார். வெளியே போக வேண்டிய சக்தி முழுவதும் அந்த எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

"இவ்வளவு கரண்ட்டைச் செலவு பண்ணி எண்ணெய் காய்ச்சறீங்க. ஒரு முட்டையாவது பொரிக்க முடியுமா?" என்றாள் அக்கா.

முடியாது என்று அத்தான் தலையசைத்தார். அவருக்கு அன்று உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. முன்பக்கத்தில் இரண்டு பெரிய குமிழ்கள்: ஒன்று பிளேட், மற்றது லோட். யாராவது மோர்ஸ் சாவியை, அதாவது தந்தி அடிக்கும் கட்டையை, அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தச் சில நொடிகளுக்குள் அத்தான் பிளேட் குமிழைத் திருப்புவார். மீட்டர் முள் ஓரிடத்தில் சட்டென்று இறங்கும். அந்தப் பள்ளம்தான் சரியான இடம். பிறகு லோட் குமிழைக் கொஞ்சம் திறந்து முள்ளை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் பள்ளம் இடம் மாறிவிடும். மறுபடி பிளேட்டில் தேட வேண்டும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கோணிக்கொள்ளும். "மாமியாரும் நாத்தனாரும் மாதிரி" என்று அக்கா விளக்கம் சொன்னதும் எனக்குச் சட்டென்று விளங்கியது. முக்கியமானது நேரம். பள்ளம் கிடைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் வால்வு தன்னைத் தானே எரித்துக்கொள்ளும்.

"நான் 'விடு'ன்னா விட்டுடணும்" என்றார் அத்தான், எங்கள் காதருகே வந்து.

வால்வு சூடேறக் காத்திருந்தோம். குளிர்விக்கும் விசிறி கடைத்தெரு மாவு மெஷின் போல இரைந்தது. அக்கா சாவியை அழுத்தினாள். எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவளுக்கில்லை. கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தினாள். அத்தான் குமிழைத் திருப்பினார். முள் இறங்கவில்லை. இன்னொரு பக்கம் திருப்பினார். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். "விடு" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். விசிறிச் சத்தத்தில் அதைக் கேட்க நாய்க்காது வேண்டும். அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிவலைக்குப் பின்னால், சாம்பல் உருளை முதலில் மங்கிய பழுப்பாகி, அடுத்து அடுப்புக்கரி போலச் சிவந்தது.

"விடூ!"

அக்கா கையை எடுத்துவிட்டாள். வால்வு மெல்லக் கறுத்தது. இரண்டாம் மாடித் தாத்தா யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்த சத்தம் கேட்டது. எங்கள் மூவரிலும் அதிகம் பயந்தவர் கத்திய அத்தான்தான். தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அக்கா அவரையே பார்த்தாள். "இவ்வளவு வருஷமா இதை எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை. புதுப் புடவையைத் தொட்டுப் பார்ப்பவள் போன்ற ஒரு திருப்தி இருந்தது.

வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு சுருதி சேர்க்கும்போது அக்காவின் பள்ளிக்கூட விசிலை அத்தான் வாயில் கவ்விக்கொள்வார். 'விடு' சொல்வதற்குப் பதில் ஊதுவார். பழகப் பழகக் கை படிந்தது. குமிழ்களின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்து, கண் இமைக்கும் நேரத்தில் பள்ளத்தைப் பிடித்துவிடுவார். முதல் ஞாயிறே இழுவைக்காரர், "தம்பி! பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு!" என்று கத்தினாராம். அத்தான் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார். மாலையில் பேருந்தில் வழக்கம்போல இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் இறங்கினார்.

இனிமேல்தான் வம்பு.

எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுவார். அதனால் அவருக்கே 'தீர்மானம்' என்று பெயராகிவிட்டது. கீழ்த்தளக் கூடத்துக்கு அவர் ஆசை ஆசையாகப் புது ஒலிபெருக்கி வாங்கி, நான்கு மூலைக்கும் நீள நீளமாக வயர் இழுத்திருந்தார். அதைத் தொடங்கி வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வந்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அத்தானுக்கு அன்று வயிற்று வலி. அக்காவும் நானும் போனோம்.

அந்த வாரம் அக்கா சரியில்லாமல்தான் இருந்தாள். பள்ளியில் விளையாட்டுத் துறையின் தலைமைப் பொறுப்பு அவளுக்கு வர வேண்டியது. இவளைவிட இளையவர் ஒருவருக்குப் போய்விட்டது. என்னிடம் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வெங்காயம் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள்.

தீர்மானம் மைக்கைப் பிடித்து, "அனைவருக்கும் வணக்கம். இந்தப் புதிய ஒலிபெருக்கியின் தெளிவை நீங்களே..." என்று ஆரம்பித்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு, மிகவும் தெளிவாக, வேறொரு குரல் பேசியது.

"வணக்கம், வணக்கம். இன்னிக்கு எப்படிக் கேட்குது?"

தீர்மானம் மைக்கைப் பார்த்தார். கூடத்தில் யாருக்கும் அது யார் குரல் என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த வீட்டுக்குள் இருப்பவர்களைத் தவிர யாரும் அதைக் கேட்டதே இல்லையே. அக்கா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

பின்னால் தெரிந்துகொண்டது இது. அத்தானும் இழுவைக்காரரும் அன்று பழைய பாணி ஏ.எம். முறையில் பேசிக்கொண்டிருந்தார்கள், வால்வு வைத்திருப்பவர்களுக்கு அதில் தனி மோகம். வாசல் கம்பத்தில் கட்டிய அத்தானின் கம்பி கூடத்து ஜன்னலை ஒட்டித்தான் இறங்குகிறது. பக்கத்தில் அவ்வளவு பலமான அலை அடித்தால், நீள வயர் வைத்த ஒலிபெருக்கி தன்னையறியாமல் ரேடியோவாகிவிடும். ஆனால் அத்தான் அனுப்புவது மட்டும்தான் அதில் வரும். இழுவைக்காரர் பேசுவது வராது. எனவே கூடத்துக்குக் கேட்டதெல்லாம் பதில்கள்தான்.

"இல்ல, இல்ல. கீழ கூட்டம் நடக்குது. நான் போகல. வயித்து வலின்னு சொல்லிட்டேன்."

கூட்டம் சிரித்தது. தீர்மானம் மைக்கின் வயரைப் பிடுங்கினார். குரல் நிற்கவில்லை.

"செயலாளரா? நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு பல்பு மாத்தணும்னா மூணு தீர்மானம் வேணும் அவருக்கு. மூணாவது தீர்மானத்துக்குள்ள விடிஞ்சுடும், பல்பே தேவைப்படாது."

கைதட்டல் எழுந்தது. தீர்மானம் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தட்டினார், திருகினார், கடைசியில் அதன் முன் கைகட்டி நின்றுவிட்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அப்புறம் அந்தப் பக்கம் இழுவைக்காரர் என்ன கேட்டாரோ, அத்தான் கொஞ்சம் தயங்கிப் பேசினார்.

"வீட்டுல... அவளுக்கு இந்த வாரம் மனசு சரியில்ல. பள்ளிக்கூடத்துல அவளுக்கு வரவேண்டியதை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. வாயைத் திறந்து ஒன்னும் சொல்லல. குளியலறைக்குள்ள போனா, குழாயைத் திறந்துவிட்டா, ரொம்ப நேரம் வெளிய வரல. எனக்கு அவ சத்தம் போட்டா பயமில்லங்க. இப்ப வீடே அமைதியா இருக்கு. அதைத்தான் தாங்க முடியல."

கூடத்தில் சிரிப்பு அப்படியே அடங்கியது. எல்லோருக்கும் இப்போது குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. எல்லோரும் அக்காவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அக்கா எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. ஜன்னல் பக்கம் போனாள். தலையை வெளியே நீட்டி, நான்காம் மாடியை நோக்கி, மைதானத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த மொத்தக் குரலையும் எடுத்தாள்.

"ஏங்க! அதை நிறுத்துங்க!"

ஒலிபெருக்கி பதில் சொன்னது: "ஒரு நிமிஷம், வீட்டுக்காரி கூப்பிடறா. அப்பாடா, ஒரு வாரம் கழிச்சு நல்லா சத்தமாக் கூப்பிடறா. அப்புறம் பேசறேன்."

கொஞ்ச நேரத்தில் அத்தான் கூடத்து வாசலில் வந்து நின்றார், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வயித்து வலி எப்படி இருக்கு?" என்றார் தீர்மானம்.

"பரவாயில்லைங்க."

"என்ன?"

"பரவாயில்லைங்க."

"மேல போய்ச் சொல்லுங்க சார், இங்க நல்லாக் கேட்கும்!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்த, கூடம் இடிந்துவிழும்படி சிரித்தது. அத்தானுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. வயிற்றிலிருந்த கை தானாக வாய்க்குப் போனது.

நாங்கள் மூவரும் படியேறினோம். இரண்டாம் மாடியில் அக்கா நின்றாள்.

"குழாயைத் திறந்துவிட்டா ஒன்னும் கேட்காதுன்னு நெனச்சேன்."

"ஒன்னும் கேட்கல. குழாய்தான் கேட்டுச்சு. நீ அவ்வளவு தண்ணியை வீணாக்கற ஆள் இல்லையே."

"கடல் தாண்டி இருக்கறவர்கிட்ட சொல்லத் தெரியுது. கதவைத் தட்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தெரியல."

"தட்டினேன்."

"எப்ப?"

"அப்பவே. மெதுவாத் தட்டினேன்."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவில் எங்கோ அழுகையாகி மறுபடி சிரிப்பானது. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவள் முதுகைத் தடவினார். நான் வீட்டில் பால் அடுப்பில் இருப்பதாகச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். பால் எதுவும் இல்லை.

அடுத்த சில நாட்கள் அக்கா வாசலைத் தாண்டினாலே யாராவது பிடித்துக்கொண்டு, "டீச்சர், அந்தப் பொறுப்பு உங்களுக்குத்தான் வந்திருக்கணும்" என்றார்கள். முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, காய்கறி வாங்க ஒரே தடவை போக வேண்டிய இடத்துக்கு மூன்று தடவை போய் வந்தாள். பள்ளிக்கும் போய், ஏன் கொடுக்கவில்லை என்று நேரடியாகவே கேட்டாள். பொறுப்பு கிடைக்கவில்லை. ஆனால் கேட்டதில் அவளுக்குத் தூக்கம் வந்தது.

தீர்மானம் எதிர்பார்த்தபடி தீர்மானம் போட்டார்: ஒலிபெருக்கியில் சங்கத்தின் குரல் மட்டுமே ஒலிக்க வேண்டும். அத்தான் வேலையில் இறங்கினார். நீள வயர்களைச் சுருக்கினார். ஒவ்வொரு வயரிலும் கறுப்பு ஃபெரைட் வளையங்களை மாட்டி அலையைத் தடுத்தார். தன் கம்பியின் நுனியை வாசல் கம்பத்திலிருந்து அவிழ்த்துப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினார். இனிச் சோதனை. அத்தான் மேலே போய்ப் பேசினார். தீர்மானமும் நானும் கீழே காத்திருந்தோம். ஒலிபெருக்கி கப்சிப்.

தீர்மானத்துக்குத் திருப்தியில்லை. "சத்தம் வரல சரி. ஆனா அவர் பேசறாரா இல்லையான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

நியாயமான சந்தேகம். மேலே போய், அத்தானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அக்காவையே மைக்கில் எண்ணச் சொன்னேன். திரும்பி வந்தபோது தீர்மானம் பதறிக்கொண்டிருந்தார். "வருதே! தெளிவா வருதே! நாலு, அஞ்சுன்னு..."

"அது ஸ்பீக்கர் இல்ல சார்," என்றேன். "ஜன்னல்."

கோபம் தணிந்த பிறகு அந்த மனிதரே ஒரு மாலை மேலே போய், பெட்டியைக் காட்டச் சொன்னார். அத்தான் பிளேட் குமிழை அவர் கையில் கொடுத்து, விசிலைத் தன் வாயில் கவ்விக்கொண்டார். முள் பள்ளத்தில் விழுந்ததும் தீர்மானம் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார் என்று அக்கா சொன்னாள். மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாராம்.

இந்த வருடம் இழுவைக்காரரே நேரில் வந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, இடி போன்ற குரல். அத்தான் முதல் நாள் இரவே சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தார். இருவரும் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"பயணம் நல்லா இருந்துச்சா?" என்றார் அத்தான்.

"என்ன தம்பி?"

வாழ்நாள் முழுக்க இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் காது பாதி போயிருந்தது. வானொலியில் ஹெட்போன் மாட்டி, ஒலியை முழுக்கத் திருகிவைத்துக் கேட்டிருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. அத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் திரும்பத் திரும்பத் தலையாட்டினார். அக்கா நடுவில் உட்கார்ந்து அத்தானின் வாக்கியங்களை உரக்க மொழிபெயர்த்தாள். "உங்க வால்வு எப்படி இருக்குன்னு கேட்கறார்! லோட் குமிழை மாத்திட்டாராம்!" அரை மணியில் அவளுக்கே தொண்டை கட்டிவிட்டது. அந்தத் தொண்டை கட்டி நான் பார்த்தது அன்றுதான்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் வாக்கி-டாக்கி மாதிரியான அத்தானின் கைவானொலிகள் இரண்டை எடுத்து வந்தாள். ஒன்றையும் ஒரு ஹெட்போனையும் இழுவைக்காரர் கையில் கொடுத்து, அவரைப் பால்கனிக்கு அனுப்பிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். மற்றதை அத்தானிடம் கொடுத்து உள்ளறையில் உட்கார வைத்தாள்.

நான் காபியோடு போனபோது இருவரும் பேச்சில் மூழ்கியிருந்தார்கள். பால்கனியில் இழுவைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, தன் வழக்கமான குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாசல்படியில் நின்ற எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவருக்கு இன்னொரு காபி வேணுமான்னு கேளுங்க" என்று அக்கா கரகரத்த குரலில் சொன்னாள்.

அத்தான் கேட்டார். கண்ணாடிக்கு அப்பால் பெரிய தலை ஆடியது.

"வேணுமாம்" என்றார் அத்தான். "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."